முடம் தீர்த்த முடவர்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஆண்டுதோறும் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது வழக்கமாகும். வ. உ. சிதம்பரனார், மறைமலையடிகள், கணித மேதை இராமானுஜன் முதலியோர் இம்மலரின் பக்கங்களை முன்னரே அணி செய்துள்ளனர். இவ்வாண்டு அப்பொறுப்பு எளியேனிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் தேர்ந்துகொண்ட பெயரைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சற்றே திகைத்தார். அப்பெயருக்குரியவர் தமிழரல்லர்; இந்தியருமல்லர்; நம் நாட்டில் அவர் காலடி பட்டதுமில்லை. மறைந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வைத்திய உலகில் அவர் பெயராலேயே ஒரு நோய் வழங்கிவந்தது. ஆயினும் நம் இல்லங்களில் அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில் என்பது அப்பெயர்.

இவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள், கை கால் விறைத்து, தொடைகள் கத்தரிக்கோல் போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னி, குதிகால் தரையில் படாமல் நுனிவிரலில் நிற்கும் குழந்தைகளைப் பெற்றோர் சிலர் இருக்கின்றனர். அக்குழந்தைகளை நாம் பொங்கல் விழாவிலும் காண்பதில்லை, விளையாட்டுப் போட்டியிலும் காண்பதில்லை. அவர்கள் குவார்ட்டர்ஸின் உள்ளறையிலேயே வளர்கின்றனர். அவர்தம் அன்னையர் கேட்கும் சொற்களோ பல. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பர், எட்டாத பொருளை எட்டி எடுத்தாள் என்பர், முன்வினை என்பர். இவற்றைச் சொல்வோர் கொடியவரல்லர். உற்றாரும் அயலாருமே சொல்கின்றனர்.

என் தமக்கை இச்சொற்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டாள். அவள் மகன் பிறந்தவுடன் அழவில்லை; நெடுநேரம் நீலம் பாரித்துக் கிடந்தான். குடியாத்தத்தை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து வேலூருக்குப் பேருந்துப் பயணம் நீண்டதன்று. அப்பயணத்தை நாங்கள் ஒரு நாளும் மேற்கொள்ளவில்லை. கயிறு மந்திரித்துக் கட்டினோம், எண்ணெய் தேய்த்து நீவினோம், பிறகு விட்டுவிட்டோம். பன்னிரண்டாம் வயதில் அவன் மறைந்தான். அவன் போன பின்னரே அந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப்பில் முதலில் எதிர்ப்பட்ட பெயர் லிட்டில் என்பதாகும்.

லிட்டில் 1810-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். நகரின் கீழ்ப்புறத்தில், ஆல்ட்கேட் என்னும் பகுதியில், சிவப்புச் சிங்கம் என்ற பெயருடைய விடுதி ஒன்றை அவர் தந்தையார் நடத்திவந்தார். குதிரை வண்டிகளும் வழிப்போக்கரும் ஓயாது வந்துபோகும் இடம் அது. இரண்டு வயதளவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தபோது இடக்கால் சோர்ந்துவிட்டது. நாம் இளம்பிள்ளை வாதம் என்றும் போலியோ என்றும் சொல்லும் நோயே அது. சிலகாலத்தில் பாதம் உட்புறமாக வளைந்து கோணற்பாதமாயிற்று. குதிகால் மேலேறிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் அவரது நொண்டி நடையைக் கேலி செய்தனர். விந்தி நடப்பவனைக் கேலி செய்வதில் லண்டனுக்கும் நம் ஊருக்கும் வேறுபாடில்லை போலும்!

சிறுவன் பிரெஞ்சு நாட்டில் சில ஆண்டுகள் கல்வி பயின்று அம்மொழியில் நல்ல தேர்ச்சி பெற்றான். பின்னாளில் அம்மொழியறிவே அவருடைய காலைக் காத்தது என்றால் மிகையாகாது. பதினாறாம் வயதில் மருந்து செய்து கொடுக்கும் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1828-இல் லண்டன் ஆஸ்பத்திரியில் மாணவரானார். தம் காலுக்கு ஒரு வழி காணவேண்டும் என்ற வேட்கையே அவரை வைத்தியத்தின்பால் செலுத்தியது. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்று நம்மவர் சொல்வர். இம்முடவர் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டதோடு நில்லாமல், ஏணி எங்கே கிடைக்கும் என்று நாடு நாடாகத் தேடிச் சென்றார்.

லண்டனில் அந்த ஏணி கிடைக்கவில்லை. அந்நாளைய ஆங்கில ரண வைத்தியர்கள் கோணற்பாதத்தைக் கத்தியால் தொட அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. மயக்க மருந்து அப்போது இல்லை. ஈதர் மயக்கம் வழக்குக்கு வந்தது 1846-இல்தான். புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-இல். அதற்கு முன்னர், தோலைத் திறந்து தசைநாணை அறுப்பதென்பது பாம்புப் புற்றில் கைவிடுவதற்கு ஒப்பாகும். பிரெஞ்சு நாட்டு மான்ட்பெலியே நகரில் டெல்பெஷ் என்னும் ரண வைத்தியர் 1816-இல் ஒரு குழந்தையின் குதிகால் நாணை அறுத்துப் பார்த்தார். பாதம் நிமிர்ந்தது, ஆனால் புண் சீழ் கொண்டு ஆறுவதற்கு நாட்பட்டது. அவர் மீண்டும் அதைச் செய்யவில்லை. (அப்பெரியவர் 1832-இல் தம்மிடம் வைத்தியம் செய்துகொண்ட ஒருவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது வருந்தத்தக்க செய்தி.) டெல்பெஷ் எழுதியதைப் படித்த லிட்டில், தம் நோய்க்கு மருந்து இதுவே என்று நெஞ்சில் பதித்துக்கொண்டார்.

ரண வைத்தியர் பதவிக்கு முயன்று அது கைகூடாமற்போகவே, அவர் ஜெர்மானிய நாடுகளுக்குப் புறப்பட்டார். பெர்லின் நகரில் உடற்கூற்று மேதை யோஹன்னஸ் முல்லரிடம் பயின்றார். புகழ்பெற்ற ரண வைத்தியர் டீஃபன்பாஹ் என்பாரையும் கண்டார். டீஃபன்பாஹுக்கு அந்த அறுவையில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆனால் ஹானோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்ற இளைஞர் ஒருவர் அதனைத் துணிந்து செய்துவருகின்றார் என்ற செய்தி லிட்டிலுக்கு எட்டியது. அவரைத் தேடிச் சென்றார்.

ஸ்ட்ரோமேயர் லிட்டிலைவிட ஆறே ஆண்டு மூத்தவர். டெல்பெஷ் தவறிய இடம் எது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். தோலை அகலமாகத் திறப்பதாலன்றோ சீழ் பிடிக்கின்றது? எனவே ஊசித்துளை போன்ற சிறு துளை வழியே, மெல்லிய வளைந்த கத்தியொன்றைத் தோலின் கீழ்ச் செலுத்தி, உள்ளேயே நாணை அறுத்தார். காற்றுப் படாமல் துளை ஓரிரு நாளில் மூடிக்கொண்டது. சில நாட்கள் பொறுத்து, பாதத்தைப் பலகையில் பிணைத்துச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். அறுந்த இடைவெளியில் புதிய நாண் வளர்ந்து நிரம்பியது.

லிட்டில் உடனே காலை நீட்டிவிடவில்லை என்பதை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். பிறருக்குச் செய்யப்பட்டதை அருகிருந்து பார்த்து, மனம் தெளிந்த பின்னரே இசைந்தார். 1836-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள், மயக்க மருந்து ஏதுமின்றி, ஸ்ட்ரோமேயர் அவருடைய குதிகால் நாணை அறுத்தார். அப்போது லிட்டிலுக்கு வயது இருபத்தைந்து. நினைவு தெரிந்த நாள் முதல் தரையைத் தொட்டறியாத குதிகால், சில வாரங்களில் தரையைத் தொட்டது.

அவர் அங்கிருந்து நேரே பெர்லினுக்குத் திரும்பி, டீஃபன்பாஹின் முன்னே நடந்து காட்டினார். ஐயுற்றிருந்த அப்பெரியவர் வியந்து, அம்முறையைத் தாமும் மேற்கொண்டு ஏராளமானோர்க்குச் செய்யலானார். லிட்டில் கோணற்பாதத்தைப் பற்றியே ஆராய்ச்சி நூல் எழுதி 1837-இல் பெர்லின் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் லண்டனில் அவ்வறுவையைத் தம் கையால் முதன்முறை செய்தார். தம் தலைமகனுக்கு லூயி ஸ்ட்ரோமேயர் லிட்டில் என்று பெயரிட்டு நன்றிக்கடன் தீர்த்தார். அம்மகனும் ரண வைத்தியரானார்.

பணம் படைத்தோர்க்கு மட்டும் வைத்தியம் செய்து வாழ்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அன்பர்கள் சிலரின் பொருளுதவியைத் திரட்டி, கோணற்பாதமும் உறுப்புச் சுருக்கமும் உடைய ஏழைகளுக்கென ஒரு வைத்திய சாலையை நிறுவினார். 1840-இல் ப்ளூம்ஸ்பரி சதுக்கத்தில் நடந்த அச்சாலை, பின்னர் அரச ஆதரவு பெற்று வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு சில ஆஸ்பத்திரிகளுடன் இணைந்து, இன்றும் ஸ்டான்மோர் என்னுமிடத்தில் பேர்பெற்ற எலும்பு முடநீக்க ஆஸ்பத்திரியாக விளங்குகின்றது.

இதுகாறும் கூறியது ஒரு மனிதர் தம் முடத்தை வென்ற கதை. எனக்கு அவர்பால் மதிப்பு மிகுந்தது இதற்கு அப்பால் நடந்த செயல்களால்தான்.

அந்த வைத்திய சாலைக்குக் கால் வளைந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கில் வந்தனர். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே தோன்றும். ஆயினும் லிட்டிலின் கண்ணுக்கு அவற்றுள் இரு வகை தென்பட்டன. ஒரு வகை அவருடைய காலைப் போன்றது. தசை சோர்ந்து, மெலிந்து, தொங்கும் கால். மற்றொரு வகை அதற்கு நேர்மாறானது. தசை சோர்வதற்கு மாறாகக் கம்பி போல் விறைக்கும். காலை மடக்கினால் எதிர்த்து நிற்கும். தாய் குழந்தையை இடுப்பில் வைக்க முயன்றால் தொடைகள் பிரியா. திடீரென்று ஓசை கேட்டால் உடல் முழுதும் விறைக்கும். சிலரின் கைகளும் நாவும் கூடக் கட்டுண்டிருந்தன. கத்தியால் குதிகால் நாணை நீட்டினால் பாதம் ஓரளவு நிமிரும். ஆனால் விறைப்பு போவதில்லை. தம்மைக் காத்த கத்தியே எல்லாவற்றையும் காக்கும் என்று நம்பிவிடுவது மனித இயல்பு. அவர் அவ்வாறு நம்பவில்லை. கோளாறு காலில் இல்லை, அதற்கு மேலே எங்கோ இருக்கின்றது என்று தேடலானார்.

அத்தேடலில் அவர் கைக்கொண்ட வழி எளியது. குழந்தை பிறந்த கதையைப் பெற்றோரிடமும் பிரசவம் பார்த்தோரிடமும் கேட்டார். மாதம் நிறைந்து பிறந்ததா, குறைமாதமா? பிரசவ வேதனை எத்தனை நாள்? தலை முதலா, கால் முதலா? ஆயுதம் போட்டு எடுத்ததா? பிறந்ததும் அழுததா? எத்தனை நேரம் கழித்து மூச்சு விட்டது? விடைகளைக் குறித்துக்கொண்டே வந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் இவ்வாறு குறித்தார். அவர் பார்த்த இத்தகைய குழந்தைகள் இருநூற்றுவர் வரை ஆவர்.

1861-இல் லண்டன் பிரசவ மருத்துவர் கழகத்தின் கூட்டத்தில் அவர் இதைப் படித்தார். மறுவருடம் அது அச்சேறியது. கட்டுரையோடு அட்டவணைகளை இணைத்து, ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு வரலாற்றையும் நிரல்பட எழுதியிருந்தார். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் ஏற்படும் மூச்சுத் தடை ஆகியவை மூளையையும் தண்டுவடத்தையும் ஊறுபடுத்தக்கூடும். அவ்வூறே பின்னர் உறுப்புகளின் விறைப்பாகவும், சிலரிடம் அறிவுக் குறைவாகவும் வெளிப்படும் என்பது அவர் துணிபு. அதுவரை பிரசவத்தில் குழந்தை பிழைத்ததா இறந்ததா என்று மட்டுமே கணக்கெடுத்தவர்களுக்கு, பிழைத்த குழந்தை எந்நிலையில் பிழைத்தது என்ற கணக்கும் உண்டு என்று காட்டியவர் அவர். பிரசவம் பார்ப்பது அவர் தொழிலன்று. அத்தொழிலில் மூத்தோர் நிறைந்த சபையில் நின்று இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அக்கட்டுரையில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு மன்னனையும் ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டினார். நாடகத்தில் அம்மன்னன் நாள் நிறையாமல் பிறந்து உடல் கோணியவனாகச் சித்திரிக்கப்படுகின்றான். இது மட்டும் பொருந்தவில்லை. 2012-இல் லெஸ்டர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அம்மன்னனின் எலும்புக்கூட்டை ஆராய்ந்தபோது, முதுகெலும்பு வளைந்திருந்ததே தவிரக் கை கால்கள் முடமாகவில்லை என்று தெரிந்தது. நாடகத்தைச் சான்றாகக் கொண்டால் பெரியோரும் வழுக்குவர் போலும்.

அதே கட்டுரையில் வேறொரு செய்தியும் உண்டு. உடல் எவ்வளவு விறைத்திருப்பினும் சில குழந்தைகளின் அறிவு சிறிதும் குன்றாதிருப்பதை அவர் எடுத்துரைத்தார். அறிவு குன்றியோரும் வைத்தியத்தாலும் பயிற்சியாலும் உடலிலும் உள்ளத்திலும் நலம் பெறுவதைத் தாம் கண்டதாக எழுதினார். வாய் பேச இயலாத பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று எண்ணி, அதன் எதிரிலேயே அதன் விதியைப் பேசுகின்றோம் அல்லவா? என் தமக்கை மகன் எங்கள் பேச்சு முழுவதையும் விளங்கிக்கொண்டிருந்தான் என்றே இப்போது எண்ணுகிறேன். கேலிப் பேச்சுக்குச் சிரித்தான், அழவேண்டியதற்கு அழுதான்.

இந்நோய் நெடுங்காலம் லிட்டில் நோய் என்றே வழங்கிற்று. இப்போது மூளை வாதம் என்கின்றனர். மூளையில் ஊறுபட்டால் கால் ஏன் விறைக்க வேண்டும் என்று கேட்கலாம். ரயில்வே காலனியில் வாழும் நமக்கு இதை விளக்குதல் எளிது. ஓடும் ரயிலில் பிரேக்கானது தானாகவே பிடித்துக்கொள்ளும் வகையில் அமைந்துள்ளது. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை செல்லும் குழாயில் காற்றழுத்தம் நிறைந்திருக்கும் வரையில்தான் அது விடுபட்டிருக்கும். குழாய் நடுவில் அறுந்தால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் இறுகி வண்டி நின்றுவிடும். நம் தசைகளும் ஏறத்தாழ அத்தகையவையே. இழுக்கப்பட்டால் எதிர்த்து இறுகுவது தசையின் இயல்பு. அவ்விறுக்கத்தைத் தண்டுவடம் தானாகவே நடத்துகின்றது. மூளையிலிருந்து கீழிறங்கும் ஆணைகள் அதனை ஓயாது அடக்கித் தளர்த்தி வைக்கின்றன. மூளை ஊறுபட்டு அவ்வாணைகள் குறைந்தால் பிரேக் இறுகிக்கொள்ளும். பெட்டியின் சக்கரத்தை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. இதனைத் தெளிவாக்கியவர் ஆங்கில அறிஞர் ஷெரிங்டன். தசையிலிருந்து தண்டுவடத்திற்குச் செல்லும் உணர்ச்சி நரம்பின் வேரை அறுத்தால் விறைப்பு தளர்வதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் விலங்குகளிடம் கண்டார். ஜெர்மானியரான ஃபெர்ஸ்டர் 1908-இல் அதை நோயாளிகளிடம் செய்தார்.

லிட்டில் சொன்னது முழுவதும் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. கனவாராய்ச்சியால் உலகறிந்த வியன்னா நகர ஃப்ராய்டு, இளமையில் குழந்தைகளின் மூளை வாதத்தை ஆராய்ந்தவர். 1897-இல் அவர் எழுதிய பெருநூலில், கடினமான பிரசவமே எப்போதும் காரணமாகாது. கருவிலேயே குழந்தைக்கு நேர்ந்த கோளாறு பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாம் என்று ஐயம் எழுப்பினார். நெடுங்காலம் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவுகள் 1986-இல் வெளியானபோது, ஃப்ராய்டு பக்கமே உண்மை பெரிதும் இருப்பது தெரிந்தது. பிரசவ நேர மூச்சுத்தடை ஒரு பகுதிக்கே காரணம். குறைமாதப் பிறப்பு, கருவிலிருக்கும்போதே நேரும் தொற்று, மூளையில் இரத்தக்கசிவு, கடுமையான மஞ்சட்காமாலை, பிறந்தபின் வரும் மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கிரகணம் அதில் இடம் பெறவில்லை. எட்டி எடுத்த பாத்திரமும் இடம் பெறவில்லை. லிட்டிலின் அறையில் தாய் சாட்சியாகவே அமர்ந்தாள். நாமோ அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

அவருக்குப் பின் வந்த வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்படையானது நாள்தோறும் செய்யும் பயிற்சியும், காலைச் சரியான நிலையில் தாங்கும் பட்டைகளுமே. ஸ்விட்சர்லாந்தில் 1962-இல் வலிப்பு நோய்க்கென ஆக்கப்பட்ட பாக்லோஃபென் என்னும் மருந்து, வலிப்பை விட விறைப்புக்கே உதவுவது பின்னர் தெரிந்தது. குறிப்பிட்ட தசையில் ஊசிமூலம் போட்டு அதைச் சில மாதங்கள் தளர்த்தும் பாட்டுலினம் மருந்தும் உண்டு. கடுமையான விறைப்புடையோர்க்கு, வயிற்றுத் தோலின் கீழ்ச் சிறு பம்பு ஒன்றைப் புதைத்து, பாக்லோஃபெனைத் தண்டுவட நீரிலேயே துளித்துளியாகச் செலுத்தும் முறை 1984 முதல் வழங்குகின்றது. அதன் விலை நம் போன்றோர்க்கு மலைப்பைத் தரும். மருந்தை உரிய காலத்தில் மீண்டும் நிரப்பியாக வேண்டும். திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்து. ஃபெர்ஸ்டர் தொடங்கிய நரம்பு வேர் அறுவையை, தென்னாப்பிரிக்கக் கேப்டவுன் நகரில் பீகாக் என்பவர் 1980-களில் செம்மைப்படுத்தி, வேரிழைகளுள் தேர்ந்தவற்றை மட்டும் அறுக்கலானார். லிட்டிலின் நாண் அறுவையும் மறையவில்லை. ஆனால் இப்போது அறுப்பதைவிட அளந்து நீட்டுவதே வழக்கம். விறைப்புடைய குழந்தைக்கு அதை இளவயதில் அளவுக்கு மிஞ்சிச் செய்தால், நுனிவிரலில் நடந்த பிள்ளை முழங்கால் மடங்கிக் குந்தி நடக்கும் நிலைக்கு வரும். இவற்றுள் எதுவும் ஊறுபட்ட மூளையைப் புதுப்பிப்பதில்லை. பிள்ளையை உட்கார வைப்பதும், நடத்துவதும், உடுத்துக் குளிப்பாட்டத் தாய்க்கு எளிதாக்குவதும், வலியைக் குறைப்பதுமே இவற்றின் பயன். அதுவே பெரிது என்பதை அத்தகைய பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவர் அறிவர்.

லிட்டில் 1863-இல் லண்டன் ஆஸ்பத்திரிப் பணியிலிருந்து விலகினார். முதுமையில் செவிப்புலன் குன்றியது. நோயாளிகளின் கதையைக் கேட்டுக் கேட்டே உண்மை கண்டவருக்குச் செவி போனது விதியின் விளையாட்டே. கென்ட் மாவட்டத்தில் மேற்கு மாலிங் என்னும் ஊரில் தங்கி, 1894-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அவருடைய மற்றொரு மகனான முயிர்ஹெட் லிட்டில், 1918-இல் தொடங்கிய பிரிட்டிஷ் எலும்பு முடநீக்க வைத்தியர் சங்கத்தின் முதல் தலைவரானார்.

தாமே முடமாகிப் பிறர் முடம் தீர்க்கப் புகுந்தோர் நம் அருகிலும் இருந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் ஊறுபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். அவர் முன்னின்று நடத்திய மறுவாழ்வு நிலையம் வேலூரில் 1966-இல் தோன்றியது. அம்மையார் 1986-இல் மறைந்தார். லிட்டிலின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வம்மையாரே நினைவுக்கு வருகின்றார். அந்த வேலூருக்கு எங்கள் சிற்றூரிலிருந்து நாளெல்லாம் பேருந்து உண்டு என்பதை முன்னரே சொன்னேன்.

சித்தூரில் இருப்போர் காட்பாடி வண்டியில் ஏறினால் வேலூர் தொலைவன்று. திருப்பதியில் இருப்போர்க்கு அதுவும் வேண்டியதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1985-இல் தொடங்கிய பர்ட் ஆஸ்பத்திரி நகரிலேயே இருக்கின்றது. தொடக்கத்தில் அங்கே திரண்டவர் பெரும்பாலும் போலியோவால் கால் வளைந்தோர். அதாவது லிட்டிலின் காலைப் போன்ற கால் உடையோர். 2014-இல் நம் நாடு போலியோ அற்றதென்று சான்று பெற்றது. இப்போது மூளை வாதம் உடைய குழந்தைகளும் அங்கே வைத்தியம் பெறுகின்றனர். ஏழுமலையானைத் தரிசிக்க வரும் நம் உறவினர் ஆண்டுக்கு எத்தனையோ பேர். அவர்களுக்கெல்லாம் கோயில் வழியைக் காட்டும் நாம், அவர்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இருப்பின் இவ்வழியையும் காட்டலாம்.

எத்தனை விரைவில் காட்டுகிறோமோ அத்தனை நன்று. ஆறாம் மாதத்தில் தலை நிற்காவிட்டாலும், பத்து மாதத்தில் பிள்ளை உட்காராவிட்டாலும், ஒரு கையை மட்டுமே நீட்டினாலும், துணி மாற்றும்போது தொடைகள் பிரியாமல் இறுகினாலும், பொறுத்துப் பார்ப்போம் என்று இராமல் டாக்டரிடம் காட்டவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் தாமதமாகத்தான் நடந்தார்கள் என்று பாட்டிமார் சொல்லுவர். சொல்லட்டும்; காட்டிவிட்டு வந்து கேட்டுக்கொள்ளலாம்.

பயணச் செலவைப் பற்றியும் ஒரு சொல். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அங்கக் குறைவுடையோர்க்கும், அவரோடு செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசு ஆஸ்பத்திரி டாக்டரின் சான்று அதற்கு வேண்டும். படிவத்தை நிரப்புவதில் இடர்ப்படுவோர், நான் டூட்டி முடிந்து வரும் மாலை வேளைகளில் சங்கக் கட்டடத்தில் என்னைக் காணலாம், எழுதித் தருகிறேன். பிள்ளையையும் உடன் அழைத்து வரலாம். வாசலில் இருந்த இரண்டு படிகளின்மேல் சென்ற மாதம் சரிவுப் பலகை போட்டாயிற்று.